தானியங்கி பியானோவில் மென்மையும் வன்மையும்: ட்யூவோ-ஆர்ட் துருத்திகளைச் சரிப்படுத்துவது

பாடெரெவ்ஸ்கி, ஹாஃப்மன் போன்ற பியானோ கலைஞர்களின் வாசிப்பைத் துளைகளாகப் பதிந்த பழைய காகிதச் சுருள்களை, அதாவது பியானோ ரோல்களை, இணையத்தில் கேட்டுவிட்டு, "எல்லா ஸ்வரமும் ஒரே சத்தத்தில் தட்டுகிறதே, இவர்களையா கொண்டாடினார்கள்?" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி என்னை ஒவ்வொரு முறையும் வருத்தப்படுத்துகிறது. பெரும்பாலும் அங்கே கேட்பது அந்தக் கலைஞரின் கை அல்ல. இறுகிப்போன தோலும் தூசி அடைத்த குழாய்களும் சேர்ந்து வாசிப்பதைத்தான் கேட்கிறோம். ரோலில் துளைகள் இருக்கின்றன. சத்தம் அதில் எங்கும் இல்லை. எவ்வளவு பலமாக அடிப்பது என்பதற்கான கட்டளை மட்டும் சில துளைகளில் இருக்கிறது. அந்தக் கட்டளையைச் சத்தமாக மாற்றுவது பியானோவுக்குள் இருக்கும் கருவி. அது சரியாக இல்லாவிட்டால் கலைஞருக்குத்தான் கெட்ட பெயர்.

முதலில் அடிப்படை. நம் ஆர்மோனியத்தில் துருத்தி காற்றைத் தள்ளி நாக்குகளை ஒலிக்க வைக்கிறது. தானியங்கி பியானோ நேர்மாறு: பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. காகித ரோல், துளைகள் வரிசையாக உள்ள ஒரு பித்தளைப் பட்டையின் மேல் ஓடுகிறது. இதற்கு ட்ராக்கர் பார் என்று பெயர். காகிதத்தில் உள்ள துளை பட்டையின் துளைக்கு நேராக வந்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, மெல்லிய தோலால் ஆன ஒரு பையைத் தூக்கும். பை ஒரு வால்வைத் தூக்கும். வால்வு திறந்ததும் அந்த ஸ்வரத்துக்குரிய சிறு துருத்தி உறிஞ்சலால் சட்டென்று மூடிக்கொண்டு பியானோவின் சுத்தியலை இயக்கும். உறிஞ்சல் குறைவாக இருந்தால் துருத்தி மெதுவாக மூடும், சுத்தியல் மெல்லத் தொடும். உறிஞ்சல் கூடினால் வேகமாக மூடும், பலமாக அடிக்கும். ஆகவே இந்தப் பியானோவில் இசையின் பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு) என்று நாம் கேட்பதெல்லாம் ஒரே ஒரு அளவைப் பொறுத்தது: எந்தக் கணத்தில் எவ்வளவு உறிஞ்சல்.

இதை நீர் அங்குலத்தில் அளப்பார்கள். மிக மென்மையான வாசிப்புக்குத் தோராயமாக 5 முதல் 7 அங்குலம், உச்சத்தில் 20-க்கும் மேல். அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தெளிவான பிளாஸ்டிக் குழாயை U வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி வரை நீர் ஊற்றி, ஒரு முனையைக் கருவியின் காற்றுக்குழாயில் இணைத்தால் போதும். இரு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் அளவு. ஒரு பக்கம் எவ்வளவு ஏறுகிறதோ மறுபக்கம் அவ்வளவு இறங்கும். அதனால் ஒவ்வொரு காலும் 30 அங்குலமாவது இருக்கட்டும். குழாய்க்கும் பியானோவுக்கும் நடுவில் ஒரு காலி பாட்டிலைக் கட்டாயம் வையுங்கள். பம்ப் சட்டென்று இழுத்தால் நீர் நேரே வால்வுகளுக்குள் போய்விடும். நனைந்த தோல் பைகளை மாற்றுவது பல நாள் வேலை.

சாதாரண பியானோலாவில் இந்த உறிஞ்சலை மிதிப்பவரின் கால்தான் கட்டுப்படுத்தியது. கூடவே கைக்குச் சில நெம்புகோல்கள். கலைஞர் இல்லாமலேயே கலைஞரின் வாசிப்பைத் திருப்பித் தர வேண்டும் என்றபோது மூன்று பெரிய முறைகள் வந்தன. ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்து எட்வின் வெல்டேயும் கார்ல் போக்கிஷும் உருவாக்கிய வெல்டே-மிக்னோன் 1904-இல். அமெரிக்காவில் ஏயோலியன் கம்பெனியின் ட்யூவோ-ஆர்ட் 1914-இல். அதே பத்தாண்டில் சார்ல்ஸ் ஃபுல்லர் ஸ்டாடர்ட் உருவாக்கி, அமெரிக்கன் பியானோ கம்பெனி விற்ற ஆம்பிகோ. மூன்றும் உறிஞ்சலை ஏற்றி இறக்கத்தான் செய்கின்றன. எப்படி ஏற்றி இறக்குகின்றன என்பதில்தான் வேறுபாடு. இங்கே ட்யூவோ-ஆர்ட்டை விரிவாகப் பார்க்கலாம். அதன் தர்க்கம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டும் எளிது.

ட்யூவோ-ஆர்ட்டின் இதயம் இரண்டு அடுக்குத் துருத்திகள். ஒன்று மெட்டுக்கு, மற்றொன்று துணைவாசிப்புக்கு. ஒவ்வொன்றிலும் நான்கு அறைகள். ஒவ்வொரு அறையும் மூடும் தூரம் வேறு: 1/16 அங்குலம், 1/8, 1/4, 1/2. அதாவது 1, 2, 4, 8 என்ற விகிதம். எந்த அறைகள் மூடியிருக்கின்றன என்பதைக் கூட்டினால் 0 முதல் 15 வரை 16 படிகள் கிடைக்கும். எல்லாம் மூடினால் மொத்த நகர்வு 15/16 அங்குலம். இருமை எண் முறையைக் கணினிக்கு வெகுகாலம் முன்பே துணியிலும் மரத்திலும் கட்டிவைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து பார்க்கும்போது மரியாதை தானாக வருகிறது. துணைவாசிப்புக்கான நான்கு கட்டளைத் துளைகள் ரோலின் இடது ஓரத்தில், மெட்டுக்கான நான்கு வலது ஓரத்தில். ஓரத்து ஸ்வரங்களின் இடத்தை இவை எடுத்துக்கொள்வதால் ட்யூவோ-ஆர்ட் ரோல் 88 கட்டைகளில் 80-ஐ மட்டுமே வாசிக்கும்.

அடுக்குத் துருத்தி மூடும்போது ஒரு கம்பியை இழுக்கிறது. கம்பி, பம்புக்கும் ஸ்வரத் துருத்திகளுக்கும் நடுவில் உள்ள கத்தி வால்வைத் திறக்கிறது. அதே வால்வோடு ஸ்பிரிங் பொருத்திய ஒரு ஒழுங்குத் துருத்தியும் இணைந்திருக்கும். உறிஞ்சல் தேவைக்கு மேல் கூடினால் அது தானே மூடி வால்வைக் குறுக்கும். குறைந்தால் ஸ்பிரிங் மீண்டும் திறக்கும். ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் விழுந்தாலும் பத்து விழுந்தாலும் சத்தம் மாறாமல் இருக்க இந்தத் தானியங்கித் திருத்தம் வேண்டும். கத்தி வால்வு கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் பெரிய கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) சோர்ந்து விழும், தனி ஸ்வரங்கள் கத்தும். அங்கே எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். கிராஃபைட் தூள் தேய்த்தால் போதும்.

சாதாரணமாக எல்லா ஸ்வரங்களும் துணைவாசிப்பு அளவில்தான் ஒலிக்கும். மெட்டில் உள்ள ஒரு ஸ்வரம் தனித்துத் தெரிய வேண்டுமானால், அது தொடங்கும் இடத்துக்கு நேராக ரோலில் அடுத்தடுத்து இரண்டு பொடித் துளைகள் இருக்கும். சேகரிப்பாளர்கள் இதைப் பாம்புக்கடி என்பார்கள். அது வந்த கணத்தில் கட்டைகளின் அந்தப் பாதி மட்டும் மெட்டின் உறிஞ்சலுக்கு மாறும். கட்டைகள் நடு ஸ்தாயிக்குச் சற்று மேலே இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் மந்தரத்துக்கு ஒன்று, தாரத்துக்கு ஒன்று என இரண்டு வகைப் பாம்புக்கடிகள்.

இதில் ஒரு நிஜமான வரம்பு இருக்கிறது. ஒரே பாதியில், ஒரே கணத்தில் விழும் மூன்று ஸ்வரங்களில் மேலே உள்ளதை மட்டும் தூக்கிக் காட்ட இந்தக் கருவியால் முடியாது. மூன்றும் சேர்ந்தே பலமாகிவிடும். ரோல் தயாரித்தவர்கள் இதற்குச் செய்தது: மெட்டின் ஸ்வரத்தை மற்றவற்றிலிருந்து ஒரு நூலிழை முன்னேயோ பின்னேயோ தள்ளித் துளையிட்டார்கள். ரோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கார்டின் துளைகள் ஒரே கோட்டில் தொடங்காமல் படிக்கட்டு போல இருப்பது தெரியும். அக்காலக் கலைஞர்கள் பலர் கார்டுகளை உடைத்து வாசித்ததும் உண்மைதான். ஆனால் நாம் கேட்கும் உடைப்பில் எது கலைஞருடையது, எது கருவிக்காகச் சேர்த்தது என்பதை ரோலை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ட்யூவோ-ஆர்ட்டில் கலைஞர் வாசித்தபோது அவர் விரலின் பலம் தானாகப் பதிவாகவில்லை. நியூயார்க்கில் பதிவுப் பொறுப்பாளராக இருந்த க்ரேயரி வுட்ஸ் போன்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே மெட்டுக்கும் துணைவாசிப்புக்குமான குமிழ்களைத் திருப்பி அந்தப் படிகளைப் பதிந்தார்கள். பிறகு திருத்தம், கலைஞரின் ஒப்புதல். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. தேர்ந்த ஒரு இசைக்காரரின் காது அங்கே வேலை செய்தது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

சரிப்படுத்தும் வேலைக்கு வருவோம். வரிசை மிக முக்கியம். பியானோ முதலில், காற்றுக்கருவி பிறகு. சுத்தியல்களின் கம்பளி கல்லாக இறுகியிருந்தாலோ, கட்டைகளின் துணிப்பட்டைகள் ஈரத்தில் வீங்கிப் பிடித்தாலோ, சுத்தியல் கம்பியைத் தொடுவதற்கு முன் விடுபடும் இடம் கட்டைக்குக் கட்டை மாறினாலோ, உறிஞ்சலில் என்ன செய்தும் பயனில்லை. முதலில் விரலால் எல்லாக் கட்டைகளையும் மிக மென்மையாக, ஒரே சீராக வாசிக்க முடிய வேண்டும். விரலுக்கே எட்டாத மென்மையைத் துருத்தி தராது.

அடுத்து கசிவு. பழைய ரப்பர் குழாய்கள் மரம் போல இறுகி முனைகளில் வெடித்திருக்கும். ஈயக்குழாய் உள்ள பியானோக்களில் வெள்ளைப் பொடி உள்ளே பூத்து வழியை அடைத்திருக்கும். அதை ஊதிச் சரிசெய்ய நினைக்காமல் மாற்றிவிடுங்கள். ஈயப் பொடி நச்சு, வெறும் கையால் தொடக்கூடாது. துருத்தித் துணியை ஒட்ட மிருகப் பசை மட்டும். வெள்ளைப் பசை அப்போதைக்குப் பிடிக்கும். அடுத்த முறை பிரிக்கும்போது மரத்தையே பிய்த்துக்கொண்டு வரும். அடுக்குத் துருத்திக்குக் கனமான துணி போட்டால் 1/16 அங்குல அறை மூடவே சிரமப்படும். மெல்லிய துணிதான் வேண்டும்.

ஒவ்வொரு வால்வுக்கும் ஊசித்துளை அளவில் ஒரு கசிவுத்துளை இருக்கும். ரோலின் துளை தாண்டிய பிறகு பைக்குக் கீழே தங்கிய காற்றை வெளியேற்றி வால்வை மூட வைப்பது அதுதான். காகிதத் தூசி இங்கேதான் சேரும். கசிவுத்துளை அடைத்தால் ஸ்வரம் விடாமல் ஒட்டிக்கொள்ளும். கட்டளை வால்வில் அடைத்தால் இன்னும் மோசம்: 8 என்ற அறை மூடியே கிடக்கும், பாட்டு முழுக்கப் பலமாகவே ஓடும். கேட்பவர் "இந்தக் கலைஞருக்கு மென்மையே தெரியாது" என்பார்.

இனி பூஜ்ஜிய அளவு. என் கருத்தில் மொத்த வேலையில் பாதி இதுதான். ட்யூவோ-ஆர்ட்டுக்கென்றே சோதனை ரோல் உண்டு. அதில் எந்த அறையும் மூடாத நிலையில் ஸ்வரங்கள் வரிசையாக விழும். துணைவாசிப்பின் ஸ்பிரிங்கைத் தளர்த்திக்கொண்டே போங்கள். சில ஸ்வரங்கள் ஒலிக்காமல் விடும் இடம் வரும். அங்கிருந்து மெல்ல இறுக்கி, எல்லா ஸ்வரமும் விடாமல், ஆனால் முடிந்த அளவு மென்மையாக ஒலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு ஸ்வரம் மட்டும் விட்டால் அவற்றுக்காக எல்லாவற்றையும் உயர்த்தாதீர்கள். அந்த வால்வையோ கட்டையையோ தனியாகச் சரிசெய்யுங்கள். இங்கே சோம்பல்பட்டு இரண்டு அங்குலம் கூட்டி வைப்பதுதான் நான் முதலில் சொன்ன "எல்லாம் ஒரே சத்தம்" என்ற நோயின் மூலம். அடித்தளம் உயர்ந்துவிட்டால் மேலே உள்ள 15 படிகளும் நெருக்கப்படும். மெட்டின் பூஜ்ஜியம் துணைவாசிப்பின் பூஜ்ஜியத்தைவிட ஏறத்தாழ ஒரு படி மேலே இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் மென்மையான பகுதிகளில் மெட்டு மூழ்கிவிடும்.

அதன் பிறகு அடுக்குத் துருத்திகள். ஒவ்வொரு அறையும் மூடும் தூரத்தை அளவுத் தகடு வைத்துப் பாருங்கள். 1/16 என்பது 3/32 ஆகிவிட்டால் எண்கணிதமே கெட்டுவிடும். 1-உம் 2-உம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். மிக நுணுக்கமான இடம் 7-லிருந்து 8-க்குப் போகும்போது. 7 என்றால் 1, 2, 4 மூன்றும் மூடியிருக்கின்றன. 8-க்குப் போக அந்த மூன்றும் திறந்து, நான்காவது மட்டும் மூட வேண்டும். மூன்றும் முந்திக்கொண்டு திறந்தால் நடுவில் சத்தம் ஒரு கணம் விழும். நான்காவது முந்தினால் ஒரு கணம் 15-ஐ நோக்கிப் பாயும். ஏறிக்கொண்டிருக்கும் ஒரு வாக்கியத்தின் நடுவில் காரணமில்லாத விக்கல் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எல்லா அறைகளின் வால்வுகளும் ஒரே வேகத்தில் வேலை செய்கின்றனவா, ஒரு குழாய் மட்டும் நசுங்கியிருக்கிறதா என்று சோதியுங்கள்.

வெல்டேயில் படிகளே இல்லை. மந்தரப் பாதிக்கும் தாரப் பாதிக்கும் தனித்தனியாக ஒரு துருத்தி. ஒரு துளை திறந்தால் மெதுவாக ஏறும். இன்னொன்று திறந்தால் வேகமாக ஏறும். நடுவில் ஒரு கொக்கி உண்டு. அது போடப்பட்டிருந்தால் ஏறிவரும் நெம்புகோலும் இறங்கிவரும் நெம்புகோலும் நடுத்தரச் சத்தத்திலேயே நின்றுவிடும். ஆக உறுதியாக நிற்க மூன்றே இடங்கள்: அடி, நடு, உச்சி. மற்றதெல்லாம் போகும் வழியில் பிடித்துக்கொள்வது. நல்ல நிலையில் உள்ள வெல்டேயின் ஏற்ற இறக்கம் வழுக்கிக்கொண்டு போகும் அழகு ட்யூவோ-ஆர்ட்டில் வராது. பழைய சிவப்பு ரோல்களில் கட்டளைகள் பூட்டு, திறப்பு என்று ஜோடியாக வரும்: ஒரு துளை தொடங்கிவைக்கும், வேறொரு துளை நிறுத்தும். நிறுத்தும் துளையை இயந்திரம் தவறவிட்டால் அடுத்த கட்டளை வரும்வரை எல்லாம் தப்பாகவே போகும். அகலமான இந்த ரோல்களில் காகிதம் ஈரத்தில் விரிந்து துளைகள் விலகுவதும் உண்டு. அதனால் ரோல் நேராக ஓடுகிறதா என்று பார்க்காமல் வெல்டேயில் வேறெதையும் தொடாதீர்கள்.

ஆம்பிகோ இரண்டையும் கலந்தது. ஒவ்வொரு பாதிக்கும் 2, 4, 6 என்ற மூன்று பூட்டும் படிகள், அவற்றை விடுவிக்க ஒரு ரத்துத் துளை, அதன் மேல் மெதுவாகவும் வேகமாகவும் ஏறும் ஒரு கிரெஷெண்டோ, அதாவது படிப்படியான சத்த ஏற்றம். ரஷ்யப் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான ரச்மானினோவின் ரோல்கள் இதற்குத்தான். 1929-இல் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் இதைத் திருத்தி பி மாடலாக்கினார். சுத்தியல் கம்பியை நெருங்கும் வேகத்தையே மின்பொறியால் அளந்து ரோலின் கட்டளைகளை அமைக்கும் முறை அவருடைய காலத்தில்தான் முழுமை பெற்றது.

வெல்டேயிலும் ஆம்பிகோவிலும் பலர் கவனிக்காத ஒன்று ரோலின் வேகம். கிரெஷெண்டோ எவ்வளவு நேரத்தில் ஏறும் என்பது துருத்தியின் கையில், விநாடிக் கணக்கு. எவ்வளவு நேரம் ஏறலாம் என்பது துளையின் நீளத்தில்; அங்குலக் கணக்கு. டெம்போ 70 என்றால் நிமிடத்துக்கு 7 அடி, அதாவது விநாடிக்கு 1.4 அங்குலம். 2.8 அங்குல நீளத் துளை 2 விநாடி திறந்திருக்கும். அதே ரோலை 80-இல் ஓட்டினால் 1.75 விநாடிதான். எட்டில் ஒரு பங்கு ஏற்றம் காணாமல் போய்விட்டது. ரோலை வேகமாக ஓட்டினால் பாட்டு வேகமாவது மட்டுமல்ல, தட்டையாகவும் ஆகும். சோதனை ரோலில் 70-க்கான கோட்டிலிருந்து ஒரு நிமிடம் ஓட்டி, 7 அடிக் கோட்டில் நிற்கிறதா என்று கடிகாரத்தோடு பாருங்கள். ட்யூவோ-ஆர்ட்டில் படிகள் நிலையானவை என்பதால் இந்தப் பாதிப்பு குறைவு.

பெடல்களில் எல்லா முறைகளும் கையாலாகாதவை. ரோலில் நீட்டு பெடல் உண்டு அல்லது இல்லை. அரைப் பெடல் கிடையாது. பெடல் துருத்திக்கும் டாம்பர்களுக்கும் (கம்பியின் ஒலியை அடக்கும் கம்பளித் துண்டுகள்) நடுவில் உள்ள தொய்வைக் குறைத்து, டாம்பர்கள் கம்பியைவிட்டு அளவாக எழும்படி வையுங்கள். அளவுக்கு மேல் தூக்க வைத்தால் திரும்பி விழ நேரமாகி, வேகமான பெடல் மாற்றங்கள் குழம்பிவிடும்.

இன்றைய யமஹா டிஸ்க்ளேவியரிலும் 2015-இல் வந்த ஸ்டெயின்வே ஸ்பிரியோவிலும் துருத்திக்குப் பதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மின்காந்தச் சுருள். கார்டின் மேல் ஸ்வரத்தை மட்டும் தூக்கிக்காட்டும் சிக்கல் இதோடு தீர்ந்தது. டிஸ்க்ளேவியரின் ப்ரோ வகையில் கட்டை வேகத்துக்கு 1023 படிகள், பெடலுக்கு 256. அரைப் பெடலும் உண்டு. ஆனாலும் பூஜ்ஜியம் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. மிக மென்மையான ஸ்வரத்துக்குத் தேவையான மின்துடிப்பு கட்டையின் உராய்வைப் பொறுத்தது. உராய்வு ஈரப்பதத்தைப் பொறுத்தது. மழைக்காலத்தில் மென்மையான பகுதிகளில் ஸ்வரங்கள் விட ஆரம்பித்தால், மென்பொருளில் குறைந்தபட்ச அளவைக் கூட்டுவதற்கு முன் அந்தக் கட்டைகளின் துணிப்பட்டைகளைத் தளர்த்துங்கள். நீண்ட நேரம் பலமாக ஓடியபின் சுருள்கள் சூடாகி மின்தடை கூடுவதால் விசை சற்றுக் குறையும். ஆகவே குறைந்தபட்ச அளவைச் சோதிப்பதானால் கருவி அரைமணி நேரம் ஓடிய பிறகு சோதியுங்கள்; குளிர்ந்த நிலையில் வைத்த அளவு கச்சேரி பாதியில் ஏமாற்றும்.